விளக்கம் தேவை

பக்கத்து மேஜைக்காரி பத்து நாள் விடுப்பில் போவதற்கு முன் தன் வரிசையை அவனிடம் ஒப்படைத்தாள். அதில் முப்பத்தோரு பதிவுகள் காத்திருந்தன. பத்தொன்பதாவது அவன் மனைவியுடையது.

"மத்த முப்பதையும் பாத்துடுங்க சார். உங்க வீட்டம்மாவோடத மட்டும் தொடாதீங்க. அக்காவுக்குக் குழந்தை பொறந்ததும் நான் ஓடி வந்துடுவேன், வந்து நானே பாத்துக்கறேன்."

"தொட்டா கை வெந்துடுமா?"

"உங்க கை வேகாது சார். என் வேலைதான் வெந்துடும்" என்று சுவரைக் காட்டிச் சிரித்தாள். சுவரில் அலுவலக விதிகள் ஒட்டப்பட்டிருந்தன. தன்னுடைய ஆராய்ச்சி, தன் உறவினருடையது, தான் முன்பு இருந்த ஆய்வகத்துடையது, இவற்றின் பதிவுகளை யாரும் கையாளக் கூடாது என்பது நான்காவது விதி. ஆறு வருடத்துக்கு முன் அந்த வாக்கியத்தை எழுதிக் கொடுத்தவனே அவன்தான்.

அது ஒரு தரவுத்தளம். தக்காளிச் செடிக்குள் இருக்கிற முப்பத்தைந்தாயிரத்துச் சொச்சம் மரபணுக்களில் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. அது எந்த இடத்தில் இருக்கிறது, என்ன வேலை செய்கிறது, கெட்டுப்போனால் செடிக்கு என்ன ஆகிறது, யார் கண்டுபிடித்தது, என்ன பெயர் வைத்தார்கள், எல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்கும். உலகத்தில் எந்த மூலையில் தக்காளியை ஆராய்கிறவரும் காலையில் கணினியைத் திறந்தால் முதலில் அங்கேதான் வந்து நிற்பார். அந்தப் பக்கங்களை எழுதிச் சரிபார்க்க இரண்டாவது மாடியில் நான்கு பேர். வருகிற கட்டுரைகளைக் கடைசி இணைப்பின் கடைசி அட்டவணை வரை படிக்க வேண்டும். எதை நம்பலாம், எது சும்மா ஜோடனை என்று பிரித்து இரண்டு வரியில் எழுத வேண்டும். அவன் இதில் கில்லாடி. பழைய நண்பர்கள் அவனை 'அகராதி' என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் சொல்வான் என்பது ஒரு பொருள். கொஞ்சம் அகராதி பிடித்தவன் என்பது இன்னொரு பொருள். ஆனால் ஒன்பது வருடத்தில் அவன் எழுதிய நாலாயிரம் பக்கங்களில் ஒன்றில்கூட அவன் பெயர் கிடையாது. பக்கத்தின் அடியில் 'வரலாறு' என்றொரு பகுதியைத் திறந்தால், எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் என்ன மாற்றினார் என்ற பட்டியல் வரும். அதில் அவன் க-7. அவ்வளவுதான்.

அடுத்தவன் வசதியைப் பார்த்து வயிறெரிந்தவன் கதை ஊருக்கு ஆயிரம் உண்டு. சொந்தப் பெண்டாட்டியைப் பார்த்து வயிறெரிகிறவன் அதை யாரிடம் போய்ச் சொல்வான்? அவன் யாரிடமும் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

அவனும் மனைவியும் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்தவர்கள். அடுத்தடுத்த மேஜை. அந்த நாட்களில் ஆய்வகத்தில் யாரைக் கேட்டாலும் அவன்தான் கெட்டிக்காரன் என்பார்கள். அவளும் சொல்வாள். அவன் இரண்டரை வருடம் துரத்திய மரபணுவை, அவன் கட்டுரை முடிக்கிற மாதத்தில், வேறெங்கோ ஒரு குழு முந்திக்கொண்டு வெளியிட்டது. பேராசிரியர் தோளைத் தட்டி, இன்னொன்றை எடுத்து முதலிலிருந்து ஆரம்பி என்றார். அவனுக்கு மூச்சு இல்லை. ஒரு வருடத்துக்கு என்று சொல்லி இந்த வேலைக்கு வந்தான். மகள் பிறந்தாள். ஒரு வருடம் ஒன்பதாக வளர்ந்தது. மனைவி மட்டும் ஆய்வகத்திலேயே இருந்தாள். அவளை அவன் 'எலி' என்று கூப்பிடுவான். எடுத்ததைக் கொறித்துக் கொறித்து ஓட்டை போடாமல் விட மாட்டாள். அவள் தன்னைவிடப் புத்திசாலி என்றிருந்தால்கூட அவனுக்கு ஓர் ஆறுதல் கிடைத்திருக்கும். அவள் செய்ததெல்லாம் ஒன்றுதான். நிறுத்தவில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அவள் நிறுவனத்தில் ஒரு விருந்தில் யாரோ அவனை அறிமுகப்படுத்தினார்கள், "இவரும் முன்னாடி ஆராய்ச்சியிலதான் இருந்தாரு." அந்த 'முன்னாடி' தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கி ஒரு வாரம் இருந்தது. பள்ளியில் பெற்றோர் வேலை பற்றி எழுதச் சொன்னபோது, எட்டு வயது மகள், 'அம்மா தக்காளிக்குள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார். அப்பா எழுத்துப்பிழை பார்க்கிறார்' என்று எழுதிக் கொண்டுவந்தாள். வீடே சிரித்தது. அவனும் சிரித்தான். அப்புறம் அந்த நோட்டை எடுத்து, 'கண்டுபிடிக்கிறார்' என்பதில் விட்டுப்போயிருந்த ஒரு புள்ளியை வைத்துக் கொடுத்தான். சாப்பிடும்போது மனைவி செடிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவனுக்கு அடுப்பு அணைத்தோமா என்று சந்தேகம் வந்துவிடும். எழுந்து போவான். திரும்பி வரும்போது அவள் மகளிடம் வேறு ஏதோ பேசிக்கொண்டிருப்பாள்.

இப்போது அவள் கண்டுபிடித்திருந்தது பெரிய விஷயம். நல்ல வெயிலுக்குப் பின் திடீரென்று மழை அடித்தால் பழுக்கிற தக்காளியின் தோல் வெடித்துவிடும். விளைந்த காட்டில் பாதி அப்படியே போகும். தோல் வெடிக்காமல் இழுத்துப் பிடிக்கிற ஒரு மரபணுவை அவள் ஆறு வருடம் தோண்டி எடுத்திருந்தாள். தரவுத்தளத்தில் பதிவு ஏற்கப்பட்ட நாளில் அந்தப் பெயர் நிலைத்துவிடும். பின்னால் வேறு யார் அதே மரபணுவோடு வந்தாலும் அவர்கள் வைத்த பெயர் 'மறுபெயர்' என்று கீழே சின்ன எழுத்தில்தான் போகும். அதனால் பெயர் வைக்கிற மாலையில் அம்மாவும் மகளும் கட்டிலில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவன் அடுத்த அறையில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு வரியும் படிக்காமல், கேட்டுக்கொண்டிருந்தான்.

"இடி விழாம இருக்க இடிதாங்கி இருக்குல்ல? அதே மாதிரி மழைதாங்கி!" என்றாள் மகள்.

"அடி என் தங்கமே" என்று அவள் கத்தினாள். அந்தக் கத்தலில் இருந்த சந்தோஷம் சுவரைத் தாண்டி வந்தது. எழுத்து எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு உண்டு, அதற்கு மேல் போனால் பெயரை ஏற்க மாட்டோம் என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். எண்ணிப் பார்த்தான். வரம்புக்குள்தான் இருந்தது. ஏமாற்றமாக இருந்தது. அந்த ஏமாற்றம் அவனையே ஒரு கணம் பயமுறுத்தியது.

பக்கத்து மேஜைக்காரி போன மூன்றாம் நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பின், முப்பது பதிவுகளில் பதினொன்றை முடித்திருந்தான். பார்த்தால் தொட்டதாகுமா என்ன என்று பத்தொன்பதாவதைத் திறந்தான்.

பிழை கிடைக்குமா என்று தேடினான் என்பதுதான் உண்மை. கிடைக்கவில்லை. படங்கள் சுத்தம். எண்கள் சுத்தம். மூன்று பருவம் வளர்த்துப் பார்த்த கணக்கு, நீர் விட்ட நாட்கள், வெடித்த பழங்கள், வெடிக்காத பழங்கள். இதே பதிவு முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து வந்திருந்தால் பக்கத்து மேஜையைத் தட்டி, "இங்க வந்து பாரு, இப்படித்தான் செய்யணும்" என்றிருப்பான். இரண்டாம் பக்கத்தில் 'தொடக்கச் செடி' என்ற கட்டத்தில் 4417 என்று ஒரு விதை எண் இருந்தது. அதற்கு ஆதாரம், 'இத்தரவுத்தளத்திலுள்ள குறிப்பு.' அதைச் சொடுக்கினான்.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய பக்கம் வந்தது. 'தொடர்ந்து நீர் விட்டும் பழத்தோல் வெடிக்கவில்லை. காரணம் தெரியவில்லை.' கீழே, க-7.

அவன் நாற்காலியில் சாய்ந்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த தன் பழைய நோட்டிலிருந்து எழுதிய குறிப்பு அது. அந்தச் செடி அவனுக்கு ஞாபகம் வந்தது. ஆய்வகக் கண்ணாடிக்கூடத்தில் வலதுபக்கக் கடைசி வரிசை. குழாய் ஒன்று கசிந்து ஒரு வாரம் அந்த மூலை முழுக்கச் சேறு. மற்றச் செடிகளில் எல்லாப் பழமும் வாயைப் பிளந்திருக்க, அது மட்டும் குண்டு குண்டாக முழுசாக நின்றது. அவன் ஒரு பழத்தைக் கையில் பிடித்துப் பார்த்தான். பிடித்துப் பார்த்துவிட்டு, காரணம் தெரியவில்லை என்று எழுதிவிட்டு, வேலை மாறி வந்துவிட்டான். அந்த இரண்டு சொல்லை எடுத்துக்கொண்டு அவள் ஆறு வருடம் உழைத்திருக்கிறாள். அவனுடைய பெயர் எங்கே என்று பதிவு முழுக்கப் பார்த்தான். நன்றி சொன்ன இடத்தில் பார்த்தான். தோட்டக்காரர் பெயர் இருந்தது. கணக்குப் போட்டுக் கொடுத்தவர் பெயர் இருந்தது. விதைக் கிடங்குக்காரர் பெயர் இருந்தது.

இத்தனை வருடமும் பெயரில்லாமல் புகைந்த ஒன்றுக்குக் கடைசியில் ஒரு நியாயம் கிடைத்துவிட்டது போலிருந்தது. திருடிவிட்டாள் என்று நினைத்தான். அந்தச் சொல் எவ்வளவு ருசியாக இருந்தது என்பதை அவன் அப்போது கவனிக்கவில்லை.

பதிவின் அடியில் மூன்று பொத்தான்கள். ஏற்பு. நிராகரிப்பு. விளக்கம் தேவை. மூன்றாவதை அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும், கேள்வியை அதில் எழுத வேண்டும். '4417ஐ முதலில் கவனித்தவர் யார் என்பது பதிவில் தெளிவாக இல்லை. விளக்கவும்' என்று எழுதினான். நியாயமான கேள்வி. யாரும் குறை சொல்ல முடியாது. அந்தக் கேள்வி அவள் நிறுவனத்தின் பொது அஞ்சல் பெட்டிக்குப் போகும். அந்தப் பெட்டியை யாரும் மூன்று வாரத்துக்கு முன் திறப்பதில்லை என்று அவனே எத்தனையோ முறை அவளிடம் சலித்துக்கொண்டிருக்கிறான். பதில் வரும்வரை பதிவு யாருடைய வரிசையிலும் இருக்காது. பக்கத்து மேஜைக்காரி திரும்பி வந்தாலும் அவள் கண்ணில் படாது. இதெல்லாம் அவனுக்குத் தெரியும். கைவிரல் போல் தெரியும். மதியம் மூன்று நாற்பதுக்கு அழுத்தினான்.

அன்று மாலை வீட்டில் அவன்தான் காய் நறுக்கினான். மகளுக்கு வீட்டுக்கணக்கு சொல்லிக் கொடுத்தான். துணி மடித்தான்.

"என்ன அகராதி, இன்னிக்கு ஒரே கரிசனமா இருக்கு?" என்று அவள் அவன் தலைமுடியைக் கலைத்தாள்.

"சும்மாதான்."

நாளைக்கு எடுத்துவிடலாம், நாளைக்கு எடுத்துவிடலாம் என்று ஐந்து நாள் போனது. கேள்வி கேட்டவரே அதைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. ஆறாம் நாள் காலை பதிவைத் திறந்து, 'திரும்பப் பெறு' என்ற இடத்துக்கு அம்பைக் கொண்டுபோய் நிறுத்தினான். கைப்பேசி அடித்தது. அவள்.

"இதக் கேளேன்! அந்தப் பெரிய மாநாட்டுல தொடக்க உரை என்னைப் பேசச் சொல்றாங்க. என்னைய! எலியைப் போயி! முதல்ல உன்கிட்டதான் சொல்றேன்."

"பரவாயில்லையே" என்றான். "ரொம்ப சந்தோஷம்" என்றும் சொன்னான். கைப்பேசியை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தான். அம்பு அங்கேயே நின்றது. ஒரு சொடுக்குத்தான். அவன் திரையில் அந்தச் சன்னலையே மூடினான். பிற்பாடு அவன் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்ததுண்டு. மூன்று நாற்பதுக்கு அழுத்தியதைக்கூட ஆத்திரம் என்று சொல்லித் தப்பிக்கலாம். இப்படி மூடியதை எந்தப் பெயர் சொல்லியும் தப்பிக்க முடியவில்லை.

பக்கத்து மேஜைக்காரி கையில் இனிப்புப் பெட்டியோடு வந்தாள். பையன், மூன்றரைக் கிலோ என்றாள். வந்த மறுநாள் மதியம் திரையைப் பார்த்துத் தானாகச் சிரித்தாள்.

"என்ன பேரு சார் வைக்கறாங்க? தோல்-9ஆம். செருப்புக் கடை அளவு மாதிரி இருக்கு. ஆனா வேலை சுத்தம். ஏத்துட்டேன்."

அவன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான். "எந்த இடம்?"

அந்த மரபணு இருக்கிற இடத்தின் எண்களை அவள் படித்தாள். முதல் நான்கு இலக்கம் கேட்டதுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதே மரபணு. இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் யாரோ, அவன் மனைவி யாரென்றே தெரியாமல், வேறொரு செடியிலிருந்து தோண்டி அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அவள் பதிவு பத்து நாள் முன்னதாக வந்தது. ஏற்கப்பட்டது இவர்களுடையது. ஏற்பு நாள்தான் கணக்கு. அவனுக்கு ஒரு காலத்தில் நடந்தது, அதே மாதிரி, அச்சு மாறாமல், அவளுக்கு நடந்திருந்தது. ஒரே வித்தியாசம், அவனுடையதை யாரும் கைபோட்டு நிறுத்தவில்லை.

"என்ன சார், தெரிஞ்சவங்களா?" என்றாள் பக்கத்து மேஜைக்காரி. அவன் தலையை ஆட்டினான். ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் மூன்று மணிக்கு அவன் மனைவி அலுவலகத்துக்கே வந்தாள். தோளில் பை. ஒன்பது வருடத்தில் அவள் அந்த மாடிக்கு வந்தது இரண்டு முறையோ என்னவோ. பக்கத்து மேஜைக்காரி எழுந்து, "வாங்க வாங்க, பையன் பொறந்திருக்கான் அக்காவுக்கு" என்று பெட்டியை நீட்டினாள். அவள் ஒன்றை எடுத்துக்கொண்டு, "நல்லா இருக்கட்டும்மா" என்றாள். அப்புறம் அவனிடம், "கீழ வா" என்றாள்.

வண்டிகள் நிறுத்துகிற இடத்தில், தகரக் கூரைக்கடியில் நின்றார்கள். இனிப்பு அவள் கையிலேயே இருந்தது.

"க-7 நீதானே?"

வரலாற்றுப் பகுதியைப் பார்த்திருக்கிறாள். பார்க்காமல் இருப்பாளா? "ஆமா" என்றான்.

"அந்த மெயிலை எவனும் பாக்கறதில்லைன்னு என்கிட்ட நீதானே சொல்லுவே."

"கேக்க வேண்டியதைத்தான் கேட்டேன்." குரல் அவன் நினைத்ததைவிட உரக்க வந்தது. "அந்தச் செடியை முதல்ல பாத்தவன் நான். குறிப்பு எழுதினவன் நான். தோட்டக்காரர் பேரெல்லாம் போட்டிருக்கே. என் பேரு எங்க? ஒரு வார்த்தை போட்டிருந்தா உன் கிரீடம் கீழ விழுந்துடுமா?"

அவளுக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

"மூணு தடவை கேட்டேன்" என்றாள்.

"என்னத்தை?"

"4417 உன் குறிப்பு மாதிரி இருக்கே, எப்பப் பாத்தே, நோட்டு வச்சிருக்கியா, உன் பேரைப் போடணும்னு கேட்டேன். முதல் தடவை ஞாபகமில்லைன்னே. ரெண்டாவது தடவை டிவியைப் பாத்துக்கிட்டே, 'டேட்டாபேஸ்ல என்ன இருக்கோ அதை எழுது, என்னை எதுக்கு இழுக்கறே'ன்னே. மூணாவது தடவை பாதியிலேயே அடுப்பைப் பாக்கப் போயிட்டே. நீ சொன்னதைத்தான்பா எழுதினேன். ஒரு எழுத்து மாத்தல."

தகரக் கூரை சூட்டில் முறுக்கிக்கொண்டு படபடத்தது. அவனுக்கு மூன்றும் ஞாபகம் வந்தது. எதுவும் மறந்திருக்கவில்லை என்பதுதான் பயங்கரம். மூன்றாவது முறை, அடுப்படியில், அணைந்து கிடந்த அடுப்பின் முன் அவன் எண்ணி ஐந்து நிமிடம் நின்றிருந்தான். அவள் கேள்வியில் பாதிதான் காதில் விழுந்தது. மீதிப் பாதி என்னவாக இருக்கும் என்று தெரிந்துதான் எழுந்து வந்திருந்தான். அவள் உயரத்திலிருந்து குனிந்து தனக்கு ஒரு பிச்சை போடுவதாக அப்போது பட்டது.

"சரி, என்மேல உனக்கு என்னமோ இருக்குன்னு தெரியும். நான் ஒண்ணும் குருடு இல்ல. போகப் போகச் சரியாயிடும்னு இருந்தேன்" என்றாள். "ஆனா அது குட்டி வச்ச பேரு. அவகிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். போகிறபோது இனிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

அவன் படியேறிப் பொறுப்பாளர் அறைக்குப் போனான். அந்த அம்மாள் இருபது வருடமாக அந்த நாற்காலியில் இருக்கிறவர், எதற்கும் அசர மாட்டார். எல்லாவற்றையும் சொன்னான். நான்காவது விதி, மூன்று நாற்பது, ஆறாம் நாள் சன்னலை மூடியது, எல்லாம்.

"அந்தக் குழு ஒரு தப்பும் பண்ணல. அவங்க பேரை எடுக்க முடியாது. இங்க அழிக்கற பொத்தானே கிடையாதுன்னு உங்களுக்குச் சொல்லணுமா?" என்றார். "ஏன் பண்ணீங்க? நான் எழுதணும்."

"பொறாமை மேடம்."

சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டான். இவ்வளவு நாள் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது வெளியே வந்தபோது மூன்றெழுத்துச் சொல்லாக இருந்தது. பொறுப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லையே" என்றார்.

அவன் மனைவியின் பதிவை அவரே அப்போதே திறந்து ஏற்றார். ஆறு மாதத்துக்கு அவன் எதையும் ஏற்கவோ நிறுத்தவோ கூடாது என்று முடிவானது. விதைக் கிடங்கின் உறை எண்களையும் தரவுத்தள எண்களையும் ஒப்பிட்டுப் பார்க்கிற வேலைக்கு மாற்றினார். அதற்கு முன், அவன் கேட்ட கேள்விக்குக் கீழே அவனே ஒரு விளக்கம் சேர்க்க வேண்டும் என்றார். எட்டு முறை எழுதி எட்டு முறை அழித்தான். கடைசியில் பதிவில் ஏறியது இதுதான். 'இக்கேள்வி அவசியமற்றது. கேட்டவர் அப்போதே விடை அறிந்திருந்தார். க-7.'

மாநாட்டுக்காரர்கள் அவள் உரையைத் தொடக்கத்திலிருந்து எடுத்து, மறுநாள் பிற்பகலில், தோல்-9 குழுவோடு சேர்த்துப் போட்டார்கள். ஆளுக்குப் பதினைந்து நிமிடம்.

பொறுப்பாளரிடம் சொன்ன அன்றே மகளிடமும் சொன்னான். பள்ளியிலிருந்து நடந்து வருகிற வழியில், பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னான்.

"நீயா பண்ணினே?"

"ஆமா."

"தெரியாமயா?"

"தெரிஞ்சுதான்."

அவள் ஒரு கல்லை உதைத்துக்கொண்டே நடந்தாள். "அம்மாவை உனக்குப் பிடிக்காதா?"

"ரொம்பப் பிடிக்கும்."

"அப்பறம்?"

அவன் பையை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றினான். அவள் தன் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் கணினியில் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். திறந்து கொடுத்தான். விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டு வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள். "மறுபெயர், மழைதாங்கி" என்று படித்தாள். "ரொம்பச் சின்ன எழுத்தா இருக்கு" என்றாள்.

வீட்டில் மூன்று வாரம் பேச்சு, பால் இருக்கிறதா, சாவி எங்கே, யார் கூட்டி வருவது என்ற அளவில் நின்றது. மனைவி கதவை அறையவில்லை. அம்மா வீட்டுக்குப் போகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் செடிகளைப் பற்றி மட்டும் பேசவில்லை. அவன் எழுந்து போக ஒரு காரணமும் இல்லாமல் தட்டின் முன் கடைசிவரை உட்கார்ந்திருந்தான். இத்தனை வருடம் அவன் விரும்பிய அமைதி அது. அதில் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அடுத்த அறையில் அவள் மகளிடம் சொல்வது கேட்டது. "தோட்டக்காரர் வரலையாம். செடியெல்லாம் சாஞ்சு கிடக்கு, இன்னிக்குக் கட்டலைன்னா முறிஞ்சுடும். அப்பா வர்றாரான்னு கேளு."

மகள் வந்து நிலைப்படியில் நின்று, தூது சொல்கிற முகத்தோடு, "வர்றியான்னு கேக்கறாங்க" என்றாள்.

ஆய்வகத்துச் செடிகள் வளர்கிற கண்ணாடிக்கூடத்துக்குள் ஒன்பது வருடத்துக்குப் பின் நுழைந்தான். ஈரச் சூடு முகத்தில் அப்பியது. மகள் வாசல் பக்கம் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, நூல்கண்டைச் சம நீளத்தில் வெட்டிக் கொடுத்தாள். வரிசைக்கு அந்தப் பக்கம் மனைவி, இந்தப் பக்கம் அவன். நடுவே ஆளுயரத் தழை. செடியை நிமிர்த்தி, கம்பியில் சேர்த்து, இறுக்காமல் ஒரு முடிச்சு. அவன் கைக்கு எதுவும் மறக்கவில்லை. முந்தின நாள் அவள் வேண்டுமென்றே தண்ணீரை மொத்தமாகத் திறந்து விட்டிருந்தாள். சாதாரணச் செடிகளில் பழங்கள் காம்பைச் சுற்றி வட்ட வட்டமாக வெடித்திருந்தன. 4417இன் பிள்ளைகள் நின்ற வரிசைக்கு வந்தார்கள். ஒரு கீறல் இல்லை. ஒன்றைக் கையில் பிடித்துப் பார்த்தான். அந்தப் பழைய எரிச்சல் அடிவயிற்றிலிருந்து, எங்கேயும் போய்விடாமல், மறுபடி எழுந்து வந்தது. முதலில் பார்த்தது நான். அவன் பழத்தை விட்டுவிட்டு அடுத்த முடிச்சைப் போட்டான்.

"அந்த வரியைப் படிச்சேன்." தழைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. கை மட்டும்தான் தெரிந்தது.

"ம்."

"'விடை அறிந்திருந்தார்'னு போட்டிருக்கே. 'அறிந்தும் கேட்டார்'னு இருந்தா இன்னும் சரியா இருந்திருக்கும்."

அவன் யோசித்தான். சரிதான். "அதை இனி மாத்த முடியாது. கீழ இன்னொரு வரிதான் சேக்கணும்."

அவள் நூல் கேட்டுக் கையை நீட்டினாள். மகள் ஓடிவந்து இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டுப் போனாள்.

முடிக்கும்போது மதியம் ஆகிவிட்டது. தக்காளித் தழையைத் தொட்டு வேலை செய்தால் கையில் ஒரு பிசுக்கு ஏறும், கரும்பச்சையாக, தார் பூசினாற்போல். சோப்பு போட்டால் நுரை மஞ்சளாக வரும். கூடத்தின் மூலையில் ஒரே ஒரு குழாய்தான். அவன் முழங்கை வரை நனைத்துத் தேய்த்தான். தொட்டியில் மஞ்சள் தண்ணீர் சுழன்று இறங்கியது. கொஞ்சம் தள்ளி அவள் நின்றிருந்தாள், கறுத்த இரண்டு கைகளையும் புடவையில் படாமல் முன்னால் நீட்டியபடி, முன்நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்க வழியில்லாமல் ஊதி ஊதித் தள்ளிக்கொண்டு. அவன் கை கழுவியாகிவிட்டது. குழாயை மூடப் போனவன் மூடாமல் ஓரமாக நகர்ந்தான். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை, குழாயைத்தான் பார்த்தாள். பிறகு ஓரடி எடுத்து வைத்தாள்.